டாக்டருக்கே பெரிய நோய் வந்தால், படித்த படிப்பு கைகொடுக்குமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொன்னால் இதுதான். அண்ணன் ஊரில் நல்ல பெயர் எடுத்த டாக்டர். அவருக்கே பெருங்குடலில் புற்றுநோய் என்று பயாப்சி சொல்லிவிட்டது. தன் ஸ்கேனைத் தானே பார்க்கிறார். ரிப்போர்ட்டை நாலு ஊரில் இருக்கும் கூடப்படித்தவர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். ராத்திரி முழுக்க ஆய்வுக் கட்டுரைகள் படிக்கிறார். ஆனால் ஒரு மருத்துவமனையிலும் இன்னும் முறையாகச் சேரவில்லை. "அவருக்குத் தெரியாததா, நாம் என்ன சொல்ல?" என்று வீட்டில் எல்லோரும் ஒதுங்கி நிற்கிறீர்கள். டாக்டராக இருப்பது இந்த நேரத்தில் பலமா, பாரமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பலமும் உண்டு, அதைப் பின்னால் சொல்கிறேன். ஆனால் உங்கள் அண்ணனிடம் இப்போது எல்லாத் தகவலும் இருக்கிறது, ஒரு டாக்டர் மட்டும் இல்லை. அதைச் சரிசெய்வதுதான் முதல் வேலை.

இதே நிலையில் இருந்த இன்னொரு டாக்டரைப் பற்றிச் சொல்கிறேன். ஃபிரான்ஸ் இங்கல்ஃபிங்கர் என்று பாஸ்டனில் ஒருவர் இருந்தார். 1967 முதல் 1977 வரை நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் என்ற மருத்துவ இதழின் ஆசிரியர். உலகம் முழுக்க டாக்டர்கள் எதைப் படிக்க வேண்டும் என்று தீர்மானித்த நாற்காலி அது. அதற்கும் முன்பிருந்தே குடல், இரைப்பை மருத்துவர். உணவுக்குழாய் எப்படி வேலை செய்கிறது என்பதை வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தவர். அவருக்கு வந்தது எது தெரியுமா? உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் புற்றுநோய். அந்த நோயைப் பற்றி அவரைவிட விவரம் தெரிந்த நோயாளி ஒருவர் இருந்திருக்க வாய்ப்பே இல்லை.

அறுவைச் சிகிச்சை முடிந்தது. அடுத்து கீமோவும் கதிர்வீச்சும் எடுத்துக்கொள்வதா வேண்டாமா என்ற கேள்வி வந்தது. எடுத்தால் கிடைக்கும் பலன் நிச்சயமில்லை, பக்கவிளைவுகள் நிச்சயம். நாடு முழுக்க இருந்த டாக்டர் நண்பர்கள் நல்லெண்ணத்தோடு ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஒருவர் சொன்னதற்கு இன்னொருவர் சொன்னது நேர் எதிர். அவர் மகனும் டாக்டர், மருமகளும் டாக்டர். இத்தனை பேர் இருந்தும், இல்லை, இத்தனை பேர் இருந்ததால்தான், குடும்பமே குழம்பிப்போய் மனம் உடைந்து நின்றது. கடைசியில் விவரமான டாக்டர் நண்பர் ஒருவர் அவரிடம் சொன்னது ஒரே வரி: உனக்குத் தேவை ஒரு டாக்டர்.

அதாவது, தெரிந்ததையும் வந்து குவிகிறதையும் ஓரமாக வைத்துவிட்டு, "இதைச் செய்யப்போகிறோம், பொறுப்பு என்னுடையது" என்று சொல்லக்கூடிய ஒரு ஆளைத் தேடிக்கொள் என்றார். இங்கல்ஃபிங்கர் அப்படியே செய்தார். செய்த உடனே தனக்கும் குடும்பத்துக்கும் பெரிய பாரம் இறங்கியதாக எழுதி வைத்தார். 1980-ல் அவர் இறந்தார்; அந்தக் கட்டுரை அதே வருடம் டிசம்பரில், அவர் நடத்திய அதே இதழில் வெளிவந்தது. மருத்துவம் படிக்கிற பிள்ளைகள் எல்லோரும் ஒருமுறையாவது அதைப் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். உங்கள் அண்ணன் இன்று ராத்திரி படிக்க வேண்டிய கட்டுரை அது ஒன்றுதான்.

ஏன் இப்படி ஆகிறது? அறிவு குறைந்துவிடுவதால் அல்ல. மருத்துவ அறிவு என்பது ஆயிரம் பேரைப் பற்றியது. இந்த நிலையில் உள்ள நூறு பேரில் ஐந்து வருடம் கழித்து எத்தனை பேர் இருப்பார்கள் என்று அது சொல்லும். அந்த நூறில் நான் யார் என்று கேட்டால் அதனிடம் பதில் கிடையாது. மற்ற நோயாளிகளுக்காக அந்த எண்ணைப் பார்க்கும்போது டாக்டர் அதை வைத்து ஒரு முடிவுக்கு வருகிறார். தனக்காகப் பார்க்கும்போது காலையில் ஒரு அர்த்தமும் ராத்திரியில் ஒரு அர்த்தமும் தெரிகிறது. காலையில் "நான் மீண்டுவிடுகிற பக்கம்", ராத்திரியில் "முடிந்தது".

நெருக்கம் கண்ணை மறைக்கும் என்பது அனுபவத்தில் மட்டும் தெரிந்த விஷயம் இல்லை. சிகாகோவில் நடந்த ஒரு ஆய்வு 2000-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. நோய் முற்றியவர்கள் இன்னும் எவ்வளவு நாள் இருப்பார்கள் என்று அவர்களுடைய டாக்டர்களிடமே கேட்டார்கள். ஓரளவு சரியாகச் சொன்னது ஐந்தில் ஒரு கணிப்புதான். பெரும்பாலானோர் கூட்டியே சொன்னார்கள். மொத்தமாகப் பார்த்தால் ஐந்து மடங்குக்கும் மேல். இதில் முக்கியமான விஷயம், நோயாளியை நீண்டகாலமாகத் தெரிந்த டாக்டரின் கணிப்புதான் அதிகம் தவறியது. பழகிய நோயாளிக்கே இப்படி என்றால், தன் உடம்பைத் தானே பார்க்கிற டாக்டரின் கணிப்பை எப்படி நம்புவது? அமெரிக்க மருத்துவச் சங்கம் 1847-ல் எழுதிய முதல் நெறிமுறைத் தொகுப்பிலேயே, நோயுற்ற டாக்டர் தன் நோயைத் தானே எடைபோடத் தகுதியில்லாதவர் என்ற கருத்து இருக்கிறது. மனைவி, பிள்ளைகள் விஷயத்திலும் அவருடைய பதற்றம் தெளிவைக் கெடுக்கும் என்று அதிலேயே சேர்த்திருக்கிறார்கள்.

பால் கலாநிதியைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். தமிழ்நாட்டிலிருந்து போன குடும்பம், அவர் பிறந்து வளர்ந்தது அமெரிக்காவில். ஸ்டான்ஃபோர்டில் மூளை நரம்பு அறுவைப் பயிற்சியின் கடைசிக் கட்டத்தில் இருந்தார். 2013 மே மாதம், 36 வயதில், நான்காம் நிலை நுரையீரல் புற்றுநோய். ஸ்கேன் படங்களைத் திரையில் ஓட்டிப் பார்த்தார்: இரண்டு நுரையீரலிலும் எண்ண முடியாத கட்டிகள், முதுகெலும்பிலும் கல்லீரலிலும் நோய். அப்படிப்பட்ட படங்களை வேலையில் எத்தனையோ பார்த்தவர் அவர்.

முதல் சந்திப்பிலேயே புற்றுநோய் மருத்துவரிடம் அவர் கேட்டது உயிர்வாழ்வு வரைபடங்களைப் பற்றி, அதாவது இத்தனை மாதம் கழித்து நூறில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று காட்டும் கோடுகளைப் பற்றி. கூடப் பணிபுரிகிற டாக்டர் என்ற முறையில் பேசிவிடலாம் என்று நினைத்தார். அந்த அம்மா மறுத்துவிட்டார். அந்தப் பேச்சு வேண்டாம் என்றார். அதற்குப் பதில் அவர் எதைப் பற்றிப் பேசினார் என்பதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. கீமோ கொடுக்க வேண்டி வந்தால் சிஸ்பிளாட்டினுக்குப் பதில் கார்போபிளாட்டின் தரலாம், அது விரல் நரம்புகளை அவ்வளவாகக் கெடுக்காது, நீங்கள் மறுபடி அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டுமே என்றார். கலாநிதி அப்போது தன் வேலை முடிந்துபோனதாக நினைத்துக்கொண்டிருந்தார். எண்களைத் தராத அந்த டாக்டர், அவருடைய கைகளைக் காப்பாற்றி வைப்பதைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார். புற்றுநோயில் ஒரு குறிப்பிட்ட மரபணு மாற்றம் இருந்ததால் முதலில் அதைக் குறிவைக்கும் மாத்திரையே போதுமானதாக இருந்தது, கட்டிகள் சுருங்கின, அவர் அறுவை அரங்குக்குத் திரும்பவும் செய்தார். பிறகு நோய் திரும்பியது. 2015 மார்ச் 9 அன்று, 37 வயதில் இறந்தார்.

நடுவில் ஒரு கட்டத்தில் அந்த டாக்டர் அவரிடம் ஒன்று சொன்னார். இதுவரை முடிவுகளை இரண்டு பேரும் சேர்ந்தே எடுத்துவந்தோம். வேண்டுமானால் இனி நான் மட்டும் டாக்டராக இருக்கிறேன் என்றார். தன் சிகிச்சையின் பொறுப்பிலிருந்து தானே விலகிக்கொள்ளலாம் என்பது அதுவரை கலாநிதிக்குத் தோன்றவே இல்லை. இங்கல்ஃபிங்கர் வந்து சேர்ந்த இடமும் இதுதான்.

சரி, அப்படி ஒரு டாக்டர் கிடைப்பது நம் ஊரில் ஏன் கஷ்டமாக இருக்கிறது? நான் வார்டில் திரும்பத் திரும்பப் பார்ப்பதைச் சொல்கிறேன். டாக்டர் அட்மிட் ஆனால் எல்லோரும் ஓடிவந்து பார்ப்பார்கள். தனி அறை, தேடி வருகிற சீனியர்கள், ஃபீஸ் வேண்டாம் என்ற மரியாதை. ஆனால் டியூட்டி டாக்டர் கட்டில் பக்கத்தில் உட்காராமல் கால்மாட்டிலேயே நிற்பார். "சார், உங்களுக்குத் தெரியாதது இல்லை" என்று ஆரம்பித்து அங்கேயே முடித்துவிடுவார். மலம் கழித்தீர்களா, ரத்தம் வந்ததா, எவ்வளவு குடிப்பீர்கள், தூக்கம் வருகிறதா, பயமாக இருக்கிறதா என்று மற்ற நோயாளிகளிடம் சாதாரணமாகக் கேட்பதைச் சாரிடம் கேட்கக் கூச்சப்படுவார். ஆசனவாய் வழியாக விரல் விட்டுப் பரிசோதிப்பதைத் தள்ளிப்போடுவார். ஒப்புதல் படிவத்தை வாசித்துக்காட்டாமல் கையெழுத்து வாங்கிக்கொள்வார். வயிற்றில் ஸ்டோமா, அதாவது மலம் வெளியே பைக்குள் வர ஒரு துவாரம், வைத்து அனுப்பும்போது பையை எப்படிக் கழற்றுவது, தோலை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று நர்ஸ் உட்கார்ந்து சொல்லித்தர வேண்டும். டாக்டர் வீட்டுக்கு அது நடக்காது. எத்தனை ஸ்டோமா பார்த்த டாக்டராக இருந்தாலும் பையைக் காலி செய்த அனுபவம் அநேகமாக இருக்காது. அதைச் செய்துவந்தது எப்போதும் வேறு யாரோ.

அதற்கும் முந்தின கட்டம் இன்னும் மோசம். காரிடாரில் நிறுத்தி ஒரு வார்த்தை, போனில் ஒரு வார்த்தை. ஓபி சீட்டு கிடையாது, கேஸ் ஷீட் கிடையாது. எழுத்தில் ஒன்றுமே இல்லாதபோது யாருக்கும் பொறுப்பும் இல்லை. வாட்ஸ்அப்பில் ஸ்கேனைப் பார்த்துக் கருத்துச் சொன்ன நான்கு நண்பர்களில் ஒருவர்கூட அண்ணனின் வயிற்றைத் தொட்டுப் பார்த்திருக்க மாட்டார். அவர்கள் அன்பில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது வைத்தியம் ஆகாது.

டாக்டர் என்பதாலேயே நோயாளியின் மேல் என்னவெல்லாம் ஏற்றிவைப்பார்கள் என்பதற்கு டெட்ராய்ட்டில் நடந்ததைச் சொல்கிறேன். ராணா ஆடிஷ் என்ற தீவிர சிகிச்சை மருத்துவர், 2008-ல் ஏழு மாதக் கர்ப்பிணியாக இருந்தபோது, கல்லீரலில் இருந்த கட்டி வெடித்து உள்ளுக்குள் ரத்தம் கொட்டியது. அவர் வேலை பார்த்த மருத்துவமனைக்கே கொண்டுபோனார்கள். பயிற்சி மருத்துவர் ஒருவர் அல்ட்ராசவுண்ட் செய்தார். திரையைப் பார்த்துக்கொண்டிருந்த ஆடிஷ், குழந்தைக்கு இதயத்துடிப்பு இல்லை என்றார். அந்தப் பயிற்சி மருத்துவரோ, எந்த இடத்தில் அது தெரிகிறது, காட்ட முடியுமா என்று அவரிடமே கேட்டார். தன் வயிற்றில் இறந்த குழந்தையின் படத்தை, உயிருக்குப் போராடிக்கொண்டு கிடக்கும் தாயே விளக்கிச் சொல்ல வேண்டிய நிலை. கொடுமை செய்ய வேண்டும் என்று அந்த இளைஞர் நினைத்திருக்க மாட்டார். எதிரில் படுத்திருப்பது தன்னைவிட விவரம் தெரிந்த டாக்டர் என்பது மட்டும்தான் அவர் கண்ணில் பட்டிருக்கிறது.

பிறகு அதே ஆடிஷ், ஐசியூவில் படுத்திருந்தபோது, தன்னைப் பற்றி ஒரு டாக்டர் பேசுவதைக் கேட்டார். இந்த அம்மா நம்மிடம் செத்துப்போகப் பார்க்கிறார் என்ற பொருளில் ஒரு பேச்சு. முதலில் கோபம் வந்தது. அடுத்த கணமே குறுகிப்போனார், ஏனென்றால் பயிற்சிக் காலத்தில் அதே பேச்சை அவரும் யோசிக்காமல் பேசியிருக்கிறார். 2017-ல் இதை வெளிப்படையாக எழுதினார். டாக்டர்கள் நோயாளிகளிடம் எப்படிப் பேச வேண்டும் என்று கற்றுக்கொடுப்பது இன்று அவர் வேலையில் ஒரு பகுதி.

இது உங்கள் அண்ணனுக்கும் வரும், தயாராக இருங்கள். வார்டில் ரவுண்ட்ஸ் வரும்போது கட்டில் எண்ணைச் சொல்லித் தன்னைக் குறிப்பிடுவதைக் கேட்பார். காலையில் நான்காவது முறை நரம்பு தேடிக் குத்தும்போது, தான் எழுதிக்கொடுத்த ரத்தப் பரிசோதனைகள் எல்லாம் நினைவுக்கு வரும். ஆக்சாலிபிளாட்டின் என்ற கீமோ மருந்து ஏறினால் நரம்பு கூசும், குளிர் ஆகாது என்று அவரே எத்தனையோ பேருக்குச் சொல்லியிருப்பார். ஃப்ரிட்ஜில் இருந்து எடுத்த பாட்டிலைத் தொட்டதும் விரலில் ஷாக் அடிப்பது போல் சுரீரென்று ஏறுவதும், குளிர்ந்த தண்ணீரை விழுங்கும்போது தொண்டை இறுகுவதும் அவருக்குப் புதிதாக இருக்கும். அப்போது அவர் வேலையைப் பற்றியே கலங்கிப் பேசக்கூடும். பேச விடுங்கள். "அதெல்லாம் விடுங்கண்ணா" என்று அடைக்க வேண்டாம்.

கேட் கிரேஞ்சர் இந்த இடத்திலிருந்துதான் ஒரு பெரிய காரியம் செய்தார். இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் முதியோர் மருத்துவம் பார்த்தவர். 2011-ல், 29 வயதில், மிக அரிதான ஒரு புற்றுநோய். அறையில் தனியாக, வலியோடு இருந்தபோது ஒரு ஜூனியர் டாக்டர் வந்து உட்கார்ந்தார். முகத்தைப் பார்க்காமல், எம்ஆர்ஐயில் நோய் பரவியிருப்பது தெரிகிறது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நாளும் பொழுதும் வார்டில் வேலை பார்த்தவருக்கு, படுக்கையில் இருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்பது அப்போதுதான் தெரிந்தது. 2013-ல் மறுபடி அட்மிட் ஆனபோது, தன் பக்கம் வருகிற பலர் பெயரைக்கூடச் சொல்லிக்கொள்வதில்லை என்று கவனித்தார். வீல்சேர் தள்ளுகிற ஊழியர் ஒருவர் மட்டும் பெயரைச் சொல்லி அன்பாகப் பேசினார். அதிலிருந்து, நோயாளியைப் பார்க்கப் போகும் ஒவ்வொருவரும் "வணக்கம், என் பெயர் இன்னது" என்று தொடங்க வேண்டும் என்ற இயக்கத்தைக் கணவரோடு சேர்ந்து ஆரம்பித்தார். பிரிட்டன் முழுக்க மருத்துவமனை ஊழியர்கள் அந்த வரியைப் பெயர்ப் பட்டையாகக் குத்திக்கொண்டார்கள். 2016 ஜூலையில் 34 வயதில் இறந்தார். டாக்டராக இருந்ததால்தான் மற்ற டாக்டர்கள் அவர் பேச்சைக் கேட்டார்கள். படிப்பு இப்படியும் கைகொடுக்கிறது.

தன் நோயைத் தானே கையில் எடுத்துத் தப்பித்தவர்கள் இல்லையா என்று அண்ணன் கேட்கலாம். இருக்கிறார்கள். 1961-ல் அண்டார்க்டிகாவில் ஒரு சோவியத் நிலையத்தில், லியோனிட் ரோகசோவ் என்ற 27 வயது டாக்டர் தன் குடல்வாலைத் தானே வெட்டி எடுத்தார். வானிலை ஆய்வாளர் ஒருவர் வெட்டுக்காயத்தை விரித்துப் பிடித்தார், வண்டி ஓட்டுநர் கண்ணாடி காட்டினார். கண்ணாடியில் எல்லாம் இடவலமாகத் தெரிந்ததால் பெரும்பகுதியைத் தடவிப் பார்த்தே செய்து முடித்தார். 1999-ல் தென்துருவ நிலையத்தில் ஜெர்ரி நீல்சன் தன் மார்பகக் கட்டிக்குத் தானே பயாப்சி எடுத்தார். ஆனால் இரண்டு இடத்திலும் அவர்களை விட்டால் வேறு டாக்டர் கிடையாது, வெளியேற வழியும் கிடையாது. உங்கள் அண்ணனுக்கு அந்த நிர்ப்பந்தம் இல்லை.

டேவிட் ஃபாய்கன்பாமின் கதை வேறு மாதிரி, அது எனக்குப் பிடித்தது. பென்சில்வேனியாவில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தபோது 2010-ல் காசில்மன் என்ற அரிய நோய் தாக்கி, பலமுறை சாவின் விளிம்புக்குப் போய் வந்தவர். இருக்கிற மருந்துகள் எல்லாம் தோற்ற பிறகு, தன் ரத்த மாதிரிகளைத் தானே ஆராய்ந்து, சிறுநீரக மாற்றுச் சிகிச்சைக்குக் கொடுக்கும் சிரோலிமஸ் என்ற பழைய மருந்து பலிக்கலாம் என்று கண்டார். 2014 முதல் அந்த மருந்தில் நன்றாக இருக்கிறார். அவருடைய நோய்க்குத் தெரிந்த பாதை தீர்ந்துபோயிருந்தது. அந்த முயற்சியையும் தன் டாக்டர்களோடு பேசித்தான் செய்தார். பெருங்குடல் புற்றுநோய்க்கு வகுத்த பாதை இருக்கிறது. அதில் ஒழுங்காக நடக்க வேண்டும், தாமதிக்காமல் நடக்க வேண்டும், அவ்வளவுதான்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. அண்ணனிடம் உட்கார்ந்து கேளுங்கள்: "உங்கள் பேஷண்ட் ஒருவர் ரிப்போர்ட்டை நாலு பேருக்கு அனுப்பிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தால் என்ன சொல்வீர்கள்?" பதில் அவருக்கே தெரியும். அறுவை மருத்துவரும் புற்றுநோய் மருத்துவரும் கதிர்வீச்சு மருத்துவரும் சேர்ந்து உட்கார்ந்து முடிவெடுக்கிற, டியூமர் போர்டு உள்ள ஒரு மருத்துவமனை போதும். மற்றவர்களைப் போல ஓபி சீட்டு போட்டு, ஃபைல் திறந்து, கட்டணம் கட்டிப் பாருங்கள். கட்டணம் கட்டினால் கேள்வி கேட்கவும் உரிமை இருக்கிறது என்ற தைரியம் குடும்பத்துக்கு வரும். இன்னொரு கருத்து வேண்டுமென்றால் தாராளமாக ஒரு இடத்தில் வாங்குங்கள், பயாப்சி ஸ்லைடுகளோடு, எழுத்தில். அதற்கு மேல் வேண்டாம். தன் கிளினிக்கை, தெரிந்த டாக்டர் ஒருவரிடம் கொஞ்ச காலத்துக்கு ஒப்படைக்கச் சொல்லுங்கள். வலி மாத்திரையானாலும் தூக்க மாத்திரையானாலும் அவரே எழுதிக்கொள்ளாமல் சிகிச்சை தருகிற டாக்டர் எழுதட்டும்.

முதல் நாள் நீங்களோ அண்ணியோ கட்டாயம் கூடப் போங்கள். "டாக்டர் வீடுதான், ஆனால் எங்களுக்குப் புரிகிற மாதிரி முதலிலிருந்து சொல்லுங்கள்" என்று கேட்டுவிடுங்கள். உங்களுக்காகச் சொல்வதுபோல் சொல்லும்போது அண்ணனும் கேட்டுக்கொள்வார். ஒரு நோட்டு எடுத்துப் போய் எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். அவர் எல்லாம் புரிந்ததுபோல் தலையாட்டிக்கொண்டிருப்பார். வீட்டுக்கு வந்து, அடுத்த ஸ்கேன் எப்போது, காய்ச்சல் வந்தால் எந்த நம்பருக்குக் கூப்பிட வேண்டும் என்று கேட்டால், அவருக்குப் பாதி நினைவிருக்காது. அப்போது அந்த நோட்டு வேண்டியிருக்கும்.